அம்மாவின் மனுவில் வக்கீல் நீக்கிய வரிகள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. அம்மாவுக்கு இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட வேண்டும். அதோடு இணைக்க, அவள் இலங்கையிலிருந்து வந்த விதத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி வக்கீல் பூபதிராஜா கேட்டார். எழுதினேன். பாதிக்கு மேல் அடித்துவிட்டார். கீழே இருப்பவை பெரும்பாலும் அந்த வரிகள். வீணாக்க மனம் வரவில்லை.

2

முதல் வரைவு. நான் பி.எஸ்ஸி. வேதியியல். ஆய்வக நோட்டு எழுதிய பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

‘1990இல், பதினான்கு வயதில், மன்னாரில் படகில் ஏற்றப்பட்டாள். ராமேஸ்வரத்தில் இறக்கப்பட்டாள். மாமாவால் பீர்மேட்டுக்குக் கொண்டுவரப்பட்டாள்.’

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். மீனாட்சிபுரத்துக்காரர். மலைக்கு வந்து இருபது வருடமாகியும் கொங்குப் பேச்சு மாறவில்லை.

“ஏனம்மிணி, உங்கம்மா மனுசியா, மூட்டைங்களா?”

அம்மா சிரித்துவிட்டாள். “மூட்டைதான் சார். வழியெல்லாம் வாந்தியெடுத்த மூட்டை.”

(வாந்தியை இரண்டாம் வரைவில் சேர்த்தேன். அடித்துவிட்டார்.)

3

இரண்டாம் வரைவு, அம்மாவே சொல்வதாக, இப்படித் தொடங்கியது: ‘என் பெயர் மாரீஸ்வரி. ஆனால்’

அந்த ‘ஆனால்’தான் பிரச்சினை.

அப்பாவின் அக்கா சின்னத்தாய் 1999இல் யாரிடமும் சொல்லாமல் தேயிலை எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டாள். கொழுந்து பறிப்பவர்களின் பெயரும் எண்ணும் உள்ள பேரேட்டை இங்கே செக்ரோல் என்பார்கள். ஆள் போனாலும் எண் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது லயத்து, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளின், நியாயம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்த அம்மா, மறுநாள் சின்னத்தாயின் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். சின்னத்தாய் என்று கூப்பிட்டபோது ‘ஆமா’ என்றாள்.

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் அந்த ‘ஆமா’வின் பின்னால் வரிசையாக வந்தன.

ஆக, அம்மா ஏற்கெனவே இந்தியக் குடிமகள். வேறொருத்தியாக. வயதும் ஆறு கூடுதல்.

இதைக் கேட்டதும் வக்கீல் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

4

அம்மாவின் அக்கா வவுனியாவில் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் பழுது. வீடியோ அழைப்பில் முகம் வீங்கியிருந்தது. அம்மாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் வேண்டும்.

“சின்னத்தாயா பாஸ்போர்ட் எடுத்தா சீக்கிரமே போயிரலாமுங்க. அது குத்தம். நான் சொல்லலீங்க. மாரீஸ்வரியா மனுப் போட்டா, கையில இருக்கற கார்டெல்லாம் பொய்யின்னு நாமளே எழுதிக் குடுக்கோணும். வேலை, லயத்து ஊடு ரெண்டும் போகலாம். கேசு வரலாம். அப்புறமும் நாலஞ்சு வருசம் ஆகுமுங்க.”

“எங்கக்கா அத்தன வருசம் இருக்க மாட்டா சார்.”

“தெரியுதுங்க.”

“ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மனுவாப் போட்டா என்ன? ரெண்டு பேரு வேலையும் நாந்தான பாத்தேன்.”

வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அடித்தார்.

5

சின்னத்தாய் எனக்கு வசப்படாத பாத்திரம். அவளை நான் பார்த்ததில்லை. ஒரு வரைவில் லாரி ஓட்டுநர் ஒருவரோடு திருப்பூருக்கு அனுப்பினேன். இன்னொன்றில் ‘அவள் இறந்துவிட்டாள்’ என்று எழுதினேன். சுலபமாக இருந்தது. பிறகுதான் தோன்றியது, அவள் இறந்தால் அம்மாவுக்கு வேலை போகும். அந்த வரியை நானே அடித்தேன்.

உயிரோடு இருந்தால் எந்தப் பெயரில் ரேஷன் வாங்குகிறாள்? அவளும் எங்கோ ஒரு வக்கீலின் முன் உட்கார்ந்து, பீர்மேட்டில் பிறந்த சின்னத்தாய் நான்தான் என்று

(இதை முடிக்கப் பயமாக இருக்கிறது.)

6

அச்சில் வந்தால் இதுவே அம்மாவுக்கு எதிரான சாட்சியம் என்றார் வக்கீல். பெயர்களை மாற்றிவிட்டேன். அம்மாவுக்கு இப்போது உண்மையில் இரண்டு, கதையில் இரண்டு.

7

போன வெள்ளிக்கிழமை மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று வக்கீல் தயாரித்த குடியுரிமை மனு. இன்னொன்று சின்னத்தாய் பெயரில் நான் அச்செடுத்துப் போன பாஸ்போர்ட் விண்ணப்பம். அதை வைத்ததும் வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் இதைப் பாக்கவே இல்லீங்க.”

இரண்டு தாளுக்கும் அம்மாவைத் தெரிந்த இருவர் வேண்டும், உறவினர் ஆகாது என்றார். ஒருவர் பக்கத்து லயத்துப் புஷ்பமேரி அக்கா. எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார். “எந்தப் பேரா இருந்தா என்னடி, அவ அவதான.”

அம்மா பேனாவைத் திறந்தாள். “எதுலட்டி போட?” என்று என்னைக் கேட்டாள்.

நான் மகள். சாட்சியாக முடியாது.

இன்னொருவருக்கான இடம் காலியாக இருக்கிறது. இதுவரை படித்த உங்களுக்கு அவளைத் தெரியும், உறவும் இல்லை. எந்தத் தாள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள்.