முன்டயரும் நான்கு முட்டைகளும்

என் கணவருக்கு யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்ல வராது. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டுவார், ஆட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் இதைத் தங்கமான குணம் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

டயர் விஷயத்திலும் அப்படித்தான். காருக்குப் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் டயர் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “சார், முன்னாடி ரெண்டும் உள்பக்கமா தேஞ்சுக்கிட்டே வருது. அலைன்மெண்ட் பாத்துட்டு, பின்னாடி டயர முன்னாடி மாத்திடலாம். இப்பவே விட்டுட்டுப் போறீங்களா?” என்று கேட்டார்.

“சனிக்கிழமை கொண்டுவந்துடறேன்,” என்றார் இவர், அடக்கமாகத் தலையாட்டி.

இந்த மாதிரி எத்தனையோ சனிக்கிழமைகளைக் கேட்டவர் போலிருக்கிறது அந்தக் கடைக்காரர். மறுபேச்சில்லாமல் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் என் கணவரின் உத்தியோகமே பராமரிப்புதான். ஊரில் பாதி அடுக்குமாடிகளின் லிஃப்டுகள் இவர் பொறுப்பில் ஓடுகின்றன. ஏதாவது ஒரு லிஃப்டுக்கு எண்ணெய் விட ஒரு நாள் தாமதமானாலும் கீழே வேலை பார்க்கிறவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். சொந்த வண்டி என்றால் மட்டும் சனிக்கிழமை.

முதல் சனிக்கிழமை அணில் வந்தது. கொல்லையில் காயப்போட்டிருந்த தலையணையைக் கிழித்துப் பஞ்சைக் கவ்விக்கொண்டு மரத்துக்கும் கூரைக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் விரட்டப் போனால் என் கையைப் பிடித்து நிறுத்தி, “ஐயோ, விரட்டாத! அது கூடு கட்டுது,” என்றார். மத்தியானம்வரை நின்றுகொண்டே பார்த்தார். டயர் கடை சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு மூடிவிடும். அடுத்த வாரம் மரங்கொத்தி. அதற்கடுத்த வாரம் மரப்பொந்தில் ஓர் ஆந்தை. ஆந்தை பகலெல்லாம் தூங்கத்தான் செய்யும். அது தூங்குவதையும் ஒரு மனுஷர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு பைனாகுலர் வாங்கினார். அதன்பிறகு, ஆளைக் கண்டால் பறவைகள் பறந்துவிடுகின்றன என்று சொல்லி, காரையே கொல்லைக்கு ஓட்டிவந்து மரத்தடியில் நிறுத்தினார். கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டு, உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார். வண்டியைக் கடைக்கு எடுத்துப் போங்கள் என்றால் வண்டிக்குள் உட்கார்ந்து ஆந்தை பார்க்கிறவரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? “சாவியக் குடுங்க, நானே ஓட்டிட்டுப் போயி விட்டுட்டு வரேன்” என்று ஒருமுறை கேட்டேன். “உனக்கு எதுக்கும்மா அலைச்சல்? நான் பாத்துக்கறேன்,” என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரை அழைத்துப்போக ஆபீஸ் வேன் வரும். எனக்கு வேலையிடம் நடக்கிற தூரம். அதனால் நானும் அப்போது பிடிவாதம் பிடிக்கவில்லை.

நான் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, கடைசியில் மனுஷர் கடித்துச் சாப்பிடுகிற மாதிரி முடித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் வேலைக்கூடத்தில் ஜன்னல்கூடக் கிடையாது. முதலாளி, “உங்க கை மாதிரி வராதும்மா” என்று வாயாரச் சொல்வார். அந்தக் கைக்கு உதவியாக இன்னொரு ஆளை மட்டும் வைக்க மாட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் அடுத்த நகரத்தில் ஒரு பெரிய கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. தலைமைப் பொறுப்பு. என் கீழே ஒரு கூட்டமே வேலை செய்யும். குடியிருக்க அவர்களே ஒரு வீடும் தருவார்கள். நான் மெழுகில் அடுக்கிய பல் வரிசைகளில் சில மாதிரிகளை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்கள். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வருஷத்து ஆசை!

இவரிடம் சொன்னேன். பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வீடு எத்தனாவது மாடி?”

“ஒம்பது. லிஃப்ட் இருக்காம்.”

“லிஃப்ட் இருக்கும், லிஃப்ட் இருக்கும்,” என்றவர், சற்றுக் கழித்து, “போயிட்டு வா. இந்த மாதிரி வாய்ப்ப விடக்கூடாது,” என்றார். தலையை வேறு ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மெழுகுப் பல் வரிசைகளை பஸ்ஸில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போக முடியாது. கார்தான் வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு அந்த டயரை நம்பவும் முடியாது. “இந்தச் சனிக்கிழமை கண்டிப்பா,” என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில், கொல்லையிலிருந்து ஓட்டமாக ஓடிவந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“சத்தம் போடாம வா. முன்டயர் மேல கூடு கட்டியிருக்கு. நாலு முட்ட!”

குனிந்து பார்த்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையிலிருந்த இருட்டில், புல்லும் நாருமாக ஒரு கூடு. உள்ளே கரும்புள்ளிகளோடு நான்கு சின்ன முட்டைகள்.

“இப்ப போயி வண்டிய எப்பிடிம்மா அசைக்கிறது?” என்றார். குரல் தழுதழுத்தது.

நான் என்ன கல்நெஞ்சக்காரியா? ஒரு தாய்ப் பறவையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டு போய் உட்காருகிற நாற்காலி நிலைக்குமா என்று எனக்கே தோன்றிவிட்டது. அந்தக் கூடத்துக்குப் போன் செய்து, எங்கள் கார் டயரில் பறவை முட்டையிட்டிருக்கிறது, வேறொரு தேதி கொடுங்கள் என்று கேட்டேன். “டயர்லயா?” என்று திருப்பிக் கேட்டாள் மறுமுனையில் இருந்த அம்மாள். “அடுத்த வாரம் வாங்க. அதுக்கு மேல தள்ள முடியாது,” என்றாள். அவள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. காது சுட்டது.

தெருமுனையில் குடியிருக்கும் என் நாத்தனார் கூட்டைப் பார்க்க வந்தாள். பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

“எங்க அண்ணனுக்கு சின்ன வயசுலேருந்தே இளகின மனசு, அண்ணி. ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டான்.”

எறும்பை மிதிக்க மாட்டார், சரி. வீட்டில் எறும்பைவிடப் பெரிய ஜீவன் ஒன்று இருக்கிறதே, அதன் கதை என்ன என்று கேட்க வாயெடுத்தேன். காப்பி ஆறிவிடும் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன்.

தாய்ப் பறவையை மட்டும் காணோம். கேட்டதற்கு, “அது ரொம்ப கூச்ச சுபாவம். நாம இல்லாதப்ப வந்து அடைகாக்கும்,” என்றார். கொல்லைக் கதவைத் திறக்கவே நான் பயந்தேன். துணியைக்கூட வாசல் பக்கம் காயப்போட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. கூரைத் தண்ணீர் நேராக அந்த டயர்மேல் விழுந்து தெறிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. மனசு கேட்கவில்லை. பழைய பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். சேற்றில் மண்டியிட்டு மட்கார்டில் அதைச் செருகும்போது கூடு சாய்ந்து, ஒரு முட்டை உருண்டு விழப்போயிற்று. பதறி இரண்டு கைகளாலும் ஏந்தினேன்.

கையில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது.

அந்தக் கனமும், ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சொரசொரப்பும் நான் தினமும் தொடுகிறவை. நடுவில் சுற்றிவர மயிரிழையாக ஒரு தழும்பு ஓடியது. இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்த இடம் அது. கலவையைத் தட்டித் தட்டி ஊற்றினால் காற்று வெளியேறிவிடும். இதை ஊற்றியவருக்கு அது தெரியாது. அதனால் மேலே ஊசிமுனை அளவு குமிழி ஓட்டைகள் விழுந்திருந்தன. மழைத் தண்ணீர் பட்டதும் கரும்புள்ளிகள் பேனா மையாகக் கரைந்து என் உள்ளங்கையில் வழிந்தன.

என்னுடைய பிளாஸ்டர் மாவு. அவசர வேலைக்காக நான் வீட்டில் வைத்திருக்கும் பையிலிருந்து எடுத்தது. பாதி முட்டைக்கு எதை அச்சாக வைத்திருப்பார் என்று அடுக்களையில் டீஸ்பூன்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டின் குழிவிளிம்பில் இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவியும் வைக்கவில்லை, மகானுபாவர். கூடு மட்டும் நிஜம். எந்த மரத்திலிருந்தோ கீழே விழுந்து கிடந்த பழைய கூடாக இருக்க வேண்டும்.

முதலில் சிரிப்புதான் வந்தது. லிஃப்ட் கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிற பெரிய மனுஷர், வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஸ்பூனில் முட்டை வார்த்து, புள்ளி வைத்து, காயவைத்திருக்கிறார்! அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்குப் பொறுக்க முடியாத அவமானமாக இருந்தது. ஊர்பேர் தெரியாத ஓர் அம்மாளிடம் இந்த மாவு உருண்டைகளுக்காக நான் கெஞ்சியிருக்கிறேன்.

மழை விட்டபின் அவர் வந்தார். குடையை மடக்கிக்கொண்டே, “கூடு நனைஞ்சுதா? அம்மா வந்து ஒக்காந்துச்சா?” என்று கேட்டார். கவலை தோய்ந்த குரல். அந்தக் குரலுக்குத் தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

“வரல. எப்ப பொரியும்?”

“இன்னும் பத்து நாளாவது ஆகும்னு நெனைக்கறேன். பாவம்.”

நான் அந்த முட்டையைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டேன். டக்கென்று விழுந்து, உடையாமல், அவர் பக்கமாக உருண்டுபோய் நின்றது. அவர் அதைப் பார்த்தார். என் கையில் ஒட்டியிருந்த கறுப்பையும் பார்த்தார். குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

“எனக்கு அங்க வரப் பிடிக்கல,” என்றார் கடைசியில்.

“இத்தன வருஷத்துல மொத முறையா வாயத் தெறந்து ஒண்ணு பிடிக்கலன்னு சொல்றீங்க. இந்த ஒரு வரியச் சொல்றதுக்கு நீங்க நாலு முட்ட போடணுமா?”

“ஒம்பதாவது மாடியில போயி நான் என்ன பண்ணுவேன்? அங்க ஒரு மரங்கூட இருக்காது. வேண்டாம்னு சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு…”

“அதனால நான் அந்தப் பொம்பளகிட்ட அசடு வழிஞ்சா பரவால்லன்னு விட்டுட்டீங்க.”

அவர் குடையைச் சுவரோரமாகச் சாத்தினார். வேண்டாம் என்று அன்றே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை விட்டும் கொடுத்திருப்பேன். ‘போயிட்டு வா’ என்று வாயால் வழியனுப்பிவிட்டுக் கையால் டயரை மறித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாவியைக் கேட்டு அவர் முன்னால் கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கூட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வண்டியைக் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போனேன். கடைக்காரர் டயரைக் கழற்றி உள்பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். ரப்பர் போய்க் கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் புதிதாகப் போடச் சொன்னேன். அவர் வேலையை முடிப்பதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன், அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தேன். என் மெழுகு வரிசைகளில் ஒரு பல்கூட அசையவில்லை. போனில் பேசிய அதே அம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மாதிரியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. பார்த்து முடித்ததும், எப்போது சேர முடியும் என்று கேட்டாள். சொன்னேன்.

“வீடு ரெண்டு விதமா இருக்கு. பெரிசு, சின்னது. நீங்களும் வீட்டுக்காரரும் வரீங்க, இல்ல?”

“நான் வரேன்,” என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, சின்ன வீட்டின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.