ஊற்றாத தண்ணீர்

பச்சமுத்து இன்ஜினைச் சுற்றி எழுப்புகிற ஹேண்டிலை வேனின் மூக்கில் செருகி, ஒரு காலை பம்பரில் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுத் தொங்கினான். ஹேண்டில் அசையவில்லை. வேன்தான் ஒரு முறை ஆடிவிட்டு நின்றது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "புடிச்சிக்கிச்சி" என்றான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவன். ஒரே வார்த்தையில் முடித்தால் நிலைமை மோசம் என்று தர்மதாஸுக்குத் தெரியும். பிஸ்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஹெட்டிலும் விரிசல் இருக்கலாம், இன்ஜினைக் கழற்றித் திண்டிவனத்துக்கு அனுப்பிக் கடைந்து வர ஒரு மாதமாவது ஆகும் என்பதையெல்லாம் பிறகு கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

வேன் மூன்று நாளாக வல்லத்துக்கு அருகே ஒரு புளியமரத்தடியில் நின்றது. ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டி. தர்மதாஸும் செல்லப்பனும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. செல்லப்பனுக்கு வல்லத்தில் நிலம் இருந்தது, உழவு மாடு இருந்தது. வேன் போனால் வருமானத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். மேல்சித்தாமூர் தர்மதாஸ் அப்படியில்லை. இதை விட்டால் அவன் மறுபடியும் அக்கா வீட்டுக்காரரின் மணிலாக்கொட்டை மண்டியில் தராசுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். பல வருஷம் அங்கே நின்றவன்தான். எடை போடுகிற ஆளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்ப்பார்கள். மூட்டை ஏற்றிப் போய், திரும்பும்போது சந்தைக்கு வந்த பெண்களைக் கூடையும் கோழியுமாக அவரவர் ஊரில் இறக்கிவிடத் தொடங்கிய பிறகுதான் 'வேன்கார நைனார்' என்று அவனுக்கும் ஒரு பெயர் வந்தது.

நடந்தது ஊர் முழுக்கத் தெரியும். திண்டிவனத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது ரேடியேட்டர் கொதித்து மூடியோரம் ஆவி சீறியது. சாலையோரக் குட்டையில் வாளியை முக்கி எடுத்தான். உள்ளே சிவப்பு நூல்களாகப் புழுக்கள் நெளிந்தன. நடுவில் இரண்டு தலைப்பிரட்டைகள். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதைத் திரும்பவும் எடுத்த கிணற்றிலேயே விடுகிற சமண வீட்டில் பிறந்தவன். கொதிக்கிற இரும்புக்குள் அதை ஊற்ற அவனுக்குக் கை வரவில்லை. வடிகட்டலாமென்றால், தோளில் கிடந்த துண்டில் பெட்ரோலும் கிரீஸும் ஊறியிருந்தன. வாளியை மெதுவாகக் குட்டையிலேயே சாய்த்தான். அடுத்த கிணறு வரை ஓட்டிவிடலாம் என்று வண்டியை எடுத்தான். கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கவலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இன்ஜின் ஒரு கரகரப்போடு நின்றுபோனது.

பச்சமுத்துவோடு கோதண்டராமனும் சைக்கிளில் வந்திருந்தார். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிற தரகர். வேனை ஒரு சுற்று வந்து, டயரை உதைத்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. அதுதான் தர்மதாஸை பயமுறுத்தியது. அந்தப் பணத்தில் பாதியில் இன்னொரு ஜோடி மாடு வாங்கலாம் என்று செல்லப்பன் யோசனையோடு சொன்னான். ரிப்பேர் செய்துவிடலாம் என்பதற்கு தர்மதாஸ் இரண்டு நாளாகக் காரணங்களை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான். ஆனால் இன்ஜினைக் கெடுத்தவனே எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? விளக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

கோதண்டராமன் செல்லப்பனின் தோளில் கை போட்டார்.

"ரிப்பேர் பண்ணாலும் ஓட்டப்போறது இவருதான? அடுத்த தபா எறும்பு சாரையா போவுதுன்னு நடுரோட்டுல நிறுத்துவாரு. அப்ப இன்னா பண்ணுவ?"

பச்சமுத்து சிரித்தான். செல்லப்பனும் சிரித்தான். புழுவைப் பிழைக்க வைத்து வண்டியைச் சாகடித்தவன் என்று மூன்று நாளாகக் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததே அவன்தான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் தோள்மேல் இருந்த கையை எடுத்து விட்டான்.

"புழுவுக்கே பாத்த ஆளு. என் பங்குல கை வெப்பானா? இந்த மாதிரி கூட்டாளி எனக்கு எந்தச் சந்தையில கெடைப்பான்? நீ கெளம்பு, கோதண்டராமா. வண்டி விக்கல."

தர்மதாஸுக்குக் கண் கலங்கியது. கூடவே நெஞ்சில் ஏதோ உறுத்தியது. மூன்று நாளாக எல்லோரும் புழுவைப் பற்றியே பேசினார்கள், அவனும் பேசவிட்டான். இப்போது அந்தப் பேச்சின்மேல் ஒருவன் தன் பணத்தைப் போடப் போகிறான்.

"அண்ணே," என்றான். "புழு மட்டும் இல்ல."

சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்த கோதண்டராமன் அப்படியே நின்றார்.

"நிறுத்தி வெச்சிருந்தா ஆறியிருக்கும். எனக்கே தெரியும். பொழுது சாஞ்சிட்டிருந்திச்சி. இருட்டினா நாங்க சாப்ட மாட்டோம். அதுக்குள்ள ஊட்டுக்குப் போயிடலாம்னு எடுத்துட்டேன். பசிண்ணே. அதான்."

செல்லப்பன் அவனையே பார்த்தான். தரகரைத் திரும்பக் கூப்பிட ஒரு கையசைப்பு போதும். தர்மதாஸ் மண்டியின் சாக்கு வாசனையை மூக்கில் உணர்ந்தான்.

"அப்ப அன்னிக்கி சாப்டியா?"

"எங்க? நடந்து போறதுக்குள்ள இருட்டிடிச்சி. மறுநாள் காத்தாலதான்."

செல்லப்பனின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகுதான் சத்தம் வந்தது. சிரித்துச் சிரித்துப் புளியமரத்தில் கை ஊன்றி நின்றான். "வண்டியும் போச்சி, சோறும் போச்சா நைனாரே," என்று துண்டால் கண்ணைத் துடைத்தான். கோதண்டராமன் தலையை ஆட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

முந்தின நாள் பெய்த மழையில் நிலம் பதமாக இருந்தது. உழவுக்கு அப்படி ஒரு நாள் எப்போதோதான் வாய்க்கும். செல்லப்பன் பாதி உழவில் நிறுத்திவிட்டு வந்திருந்த மாடுகளை அவிழ்த்து ஓட்டிவந்தான். பச்சமுத்து பம்பரில் கயிறு கட்ட, நுகத்தோடு சேர்த்து இறுக்கினான். செஞ்சி வரைக்கும் இழுக்க வேண்டும். தர்மதாஸ் வேண்டாம் என்றான். மாடு பாவம் என்று சொல்ல வந்து, அதையும் விழுங்கினான்.

"ஏறி உக்காரு. பொழுது இருக்கச்சொல்ல பட்டறையில விட்டுட்டு உன்ன பஸ் ஏத்தணும். இல்லன்னா இன்னிக்கும் பட்டினிதான் நீ" என்றான் செல்லப்பன்.

நன்றி என்று சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. தர்மதாஸ் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். மேடு வந்த இடங்களில் இறங்கி, ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, கதவுச் சட்டத்தில் தோள் கொடுத்துத் தள்ளினான். வழியில் டீக்கடைக்காரன் பாவாடை, "இன்னா செல்லப்பா, மாட்டுக்கு லைசன்ஸ் வாங்கிட்டியா?" என்று கத்தினான். செல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் நடந்தான்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியத் தொடங்கியபோது ஒரு மதகுக்கு முன்னால் சாலை சரிவாக இறங்கியது. வேன் தானாகவே உருளத் தொடங்கியது. கயிறு தொய்ந்து, பம்பர் மாடுகளின் பின்னங்கால்களை நோக்கி நெருங்கியது. தர்மதாஸ் பிரேக்கில் காலை வைத்தான். அழுத்தினால் மாடுகளின் கழுத்து இழுபடும், விட்டால் காலில் இடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் விட்டு, மறுபடியும் அழுத்தி, மாடுகளின் நடைக்கு வண்டியை இறக்கினான். செல்லப்பன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈ விரட்டிய வலது மாட்டின் வால் பம்பர்மேல் பட்டுப் பட்டு விலகியது. கயிறு தரையைத் தொடவில்லை.