புதனுக்கு ஓடு நாலு இஞ்சு

அடி அண்ணாமலையில் பள்ளிக்கூடச் சுவர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெயிண்டர் கண்ணாயிரம். கோபக்காரன் என்பார்கள், இருக்கட்டும். இருபது வருடத்தில் என் சுவரில் ஒருத்தரும் தப்பு சொன்னதில்லை.

இந்தத் தடவை புதன் கிரகத்தைப் பாதியாக வெட்டினாற்போல வரையச் சொன்னார் அறிவியல் டீச்சர் பிராமி. நாலடி வட்டம், நடுவில் இரும்புக் கரு. வழக்கம்போல் தேங்காய் அளவுக்குப் போட்டேன். அழிக்கச் சொன்னார். வட்டத்தில் பெரும்பகுதியைக் கருவே அடைத்துக்கொள்ளுமாம். மேலே பாறை ஓடு நாலு இஞ்சுதானாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்கு வரையக் கற்றுத் தருகிறார்? ஆனால் டீச்சர் புத்தகத்தைப் பிரித்து என்னை உட்கார வைத்துவிட்டார். உள்ளே ஆற ஆற அந்தக் கிரகமே சுருங்கியதாம். மேல் ஓடு மடிந்து செங்குத்துப் பாறைகளாக எழும்பி நிற்கிறதாம், சில இடங்களில் நம் மலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின உயரத்துக்கு. அதைக் கேட்டபின் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. மூன்று நாள் ஒவ்வொரு மடிப்பாக, ஒவ்வொரு பள்ளமாக வரைந்தேன்.

சுவர்ப்படத் திறப்பு விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் பெற்றோர் கழகத் தலைவர் புகழேந்தி வந்தார். பழத்தைவிடக் கொட்டை பெரிதாக இருக்கிறது, வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். டீச்சர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போனை எடுத்து, வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிச் சுவரின் படத்தைக் காட்டினார். அதில் கரு சின்னது.

"இது எவ்ளோ கரெக்டா இருக்குது பாருங்க. இதே மாதிரி கம்மி பண்ணுங்க. இல்லன்னா வெள்ளையடிச்சுடுங்க."

டீச்சர் முகம் வாடிவிட்டது. படத்தின் மூலையில் இருந்த சிவப்பு எழுத்தை நான் பார்த்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் தப்பிக்கும். இந்தச் சுவர் போய்விடும். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி அவரிடமே நீட்டினேன்.

"கீழ படிங்க. கண்ணாயிரம்னு போட்டிருக்குதா? அந்தத் தப்பப் பண்ண முட்டாள் நான்தாங்க. இன்னும் பதினோரு சுவர்ல பண்ணி வச்சிருக்கேன். இது ஒண்ணுதான் சரி. இதுல யாரையும் கை வைக்க விடமாட்டேன்."

டீச்சர் முன்னால் சொல்ல அவமானமாகத்தான் இருந்தது. புகழேந்தி சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, விழாவுக்கு நாற்காலி வந்துவிட்டதா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

புதனுக்குக் கீழே என் பெயரை எழுதினேன். ஏணியை வண்டியில் கட்டினேன். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றார் டீச்சர்.

"வேங்கிக்காலுக்குத்தான். அந்தப் புத்தகத்தக் குடுங்க டீச்சர். அங்கயும் ஒரு தலைவர் இருப்பாரு."