மொழிமூலம்: சிங்களம்

...இல்லை, வாசிக்க முடிகிறது, அதுதான் கொடுமை, தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டுவதுபோல மெதுவாக, சசி முதல் கேள்வியைச் சிங்களத்தில் வாசித்து முடித்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. பெருந்தோட்டச் சமூகத்தின் கட்டமைப்பை விளக்குக. றக்வானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவளுக்கு இதைவிட நல்ல கேள்வி வருமா? யாராவது எதிரே இருந்து கேட்டால் சிங்களத்திலேயே ஒரு மணித்தியாலம் சொல்வாள், துணிக்கடையில் நாளைக்கு நூறு பேரிடம் பேசுகிற வாய்தானே... ஆனால் பரீட்சை மண்டபத்தில் வாய் செல்லாது, கை வேண்டும், சிங்களத்துக்கு அவளிடம் இருப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை. கடையில் கூட நிற்கிற நுஸ்கா, வெளிவாரிப் பட்டத்துக்குச் சிங்கள மொழிமூலம் என்று விண்ணப்பம் நிரப்பிய அன்றே கேட்டாள், "கதைக்கிறாய் சரி புள்ள, எழுத ஏலுமா ஒனக்கு?" நாள் முழுக்க சிங்களத்துலதானே பேசுறேன், எழுத வராதா என்ன, என்றாள் சசி. எவ்வளவு திமிர். தமிழில் எழுதியிருக்கலாம், ஆனால் தமிழ் வகுப்புக்குச் சனிக்கிழமைகளில் கொழும்புக்குப் போக வேண்டும், சனிக்கிழமை கொடகவெல கடையில் கால்வைக்க இடமிருக்காது, சிங்கள வகுப்பென்றால் கடை பூட்டி பஸ் ஏறுகிற நேரத்துக்குப் போனில் வரும், வளைவுக்கு வளைவு அறுந்து அறுந்து... எழுத்தைப் பிறகு பழகலாம் என்றிருந்தாள். இரண்டு வாரம் லீவு தருவதாக முதலாளி முக்தார் நானா சொல்லியுமிருந்தார், அதற்குள் நோன்புப் பெருநாளும் சிங்களப் புத்தாண்டும் ஒரே கிழமையில் வந்து விழுந்தன. "நீ போனா சிங்கள ஆக்களோட யார் கதைக்கிற? ஒண்ட வாய்க்குத்தானே நான் சம்பளம் தாரது," என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? இரண்டு வாரம் இரண்டு நாளானது, முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் ஏழை மாணவர்கள் பனிக்காலத்தில் கிழிந்த கோட்டோடு பட்டினி கிடப்பார்கள், பாவம் என்று நினைத்து வாசித்தவள் அவள், இப்போது யோசித்தால் அவர்களிடம் எவ்வளவு நேரம் இருந்திருக்கிறது.

மேற்பார்வைக்கு நின்ற அம்மையாரிடம் தமிழில் எழுதலாமா என்று கேட்டாள், சிங்களத்தில், ஒரு பிழை இல்லாமல். அவர் அனுமதி அட்டையைப் புரட்டினார், மொழிமூலம் சிங்களம் என்று இருக்கிறதே, மாற்ற முடியாதே. "எவ்வளவு வடிவாச் சிங்களம் பேசுறீங்க நங்கி, பிறகென்ன பயம்?" பிறகென்ன... போன வருடம் லீவு கிடைக்காமல் பரீட்சைக்கே வரவில்லை, இந்த முறையும் போனால் பதிவு ரத்து, பட்டம் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தருவார்கள், துணிக்கடை, அதுவும் போனால் அம்மாவோடு கொழுந்துக் கூடை. வெளியே பைக்குள் நான்கு கொப்பி நிறைய நோட்ஸ் இருக்கிறது. நிறைய. எல்லாம் சிங்களம், எல்லாம் தமிழ் எழுத்தில். ஆடுகிற பஸ்ஸில் கைக்கு வேகமாக வந்தது அதுதான், கடையின் ஓடர் புத்தகத்திலும் அவளும் நுஸ்காவும் அப்படித்தான் எழுதுவார்கள், முக்தார் நானா கண்ணாடியைத் தூக்கிவிட்டு அப்படியே வாசிப்பார். வத்துகரயே மினிஸ்சு, தோட்டத்து மனிதர்கள்... எழுதிவிட்டாளா? எழுதிவிட்டாள், விடைத்தாளில், தமிழ் எழுத்தில், வெட்டுவோம் என்று பேனையைத் தூக்கினாள், பேனை அடுத்த வரிக்குப் போனது, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களம், கணக்கப்பிள்ளை, யாருக்கு எந்த லயம், யார் வேலையை விட்டால் வீடு போகும், ஒன்றும் விடாமல், திருத்துகிறவர் சிங்களவர் என்றால் எழுத்துத் தெரியாது, சிங்களம் தெரியாத தமிழர் என்றால் பேச்சு விளங்காது, கொடகவெலயில் துணி விற்றவராக இருக்க வேண்டும் அவர், நிறுத்து, நிறுத்து என்று உள்ளே யாரோ சொல்லச் சொல்ல மூன்று பக்கம் முடிந்து, கையை உயர்த்தி இன்னொரு தாள் கேட்டாள். "பாத்தீங்களா, இப்ப வருதுதானே," என்றார் அம்மையார், தாளைப் பார்க்காமலே. சசி சிரித்தாள். முக்தார் நானாவிடம் சிரித்த அதே சிரிப்பு, உதடு அதே இடத்தில் போய் நிற்கிறது, இதை மட்டும் எந்த வகுப்பில் இவ்வளவு நன்றாகப் படித்தாள்...