பெயர் கூப்பிடும் நேரம்

அவித்த நெல்லைக் களத்தில் கொட்டியதும் ஆவி முகத்தில் அடித்தது. மெற்றில்டா பலகையால் நெல்லைத் தள்ளிப் பரப்பினாள். சீமெந்துத் தரை அந்தக் காலையிலேயே பாதத்தைச் சுட்டது. ஒரு வரிசை முடிந்ததும் நிமிர்ந்து ஆலை வாசல் கேற்றைப் பார்த்தாள். அடுத்த வரிசையில் பாதியிலேயே நின்று மறுபடியும் பார்த்தாள். சவளக்கடை வீதியால் வந்த முச்சக்கரவண்டி ஒன்று வேகம் குறைந்து, பிறகு நேரே போய்விட்டது.

"என்னக்கா, கேற்றால மாப்புள வாறாரா?" ட்ரக்டரில் சாய்ந்து நின்ற சப்ரி கேட்டான். ஆலையில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன்.

"தொழில் கந்தோராக்கள் விசாரிக்க வாறாங்க எண்டாங்க. இன்னும் காணல்ல."

"வருவாங்க. வெயில் ஏறாம அவங்களுக்கு வேல ஓடாது."

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நெல் அவிக்கும் தாங்கியின் பக்கம் பார்த்தாள். நேற்றுப் பின்னேரம் அங்கே சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்து, ஒரு சோடி மஞ்சள் கம்பூட்ஸ் தொங்கவிட்டிருந்தார்கள். விலைத் துண்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் அவளும் ஸகியாவும் நின்றது வெறுங்காலோடு.

பெரும்போக அறுவடைக் காலத்தில் ஆலைக்கு ஓய்வு கிடையாது. தாங்கி வேலையை இரண்டு பெண்களுக்குப் பிரித்துப் போட்டிருந்தார் மேற்பார்வையாளர் அமிர்தலிங்கம். திங்கள், புதன், வெள்ளி ஸகியாவுக்கு. செவ்வாய், வியாழன், ஞாயிறு மெற்றில்டாவுக்கு. கோயிலையும் பள்ளிவாசலையும் பார்த்துப் போட்ட முறை அல்ல அது. ஸகியாவுக்கு வெள்ளி பகல் தொழுகைக்குப் பெண்கள் தைக்காவுக்குப் போகவேண்டும். மெற்றில்டாவுக்கு ஞாயிறு பூசை தப்பக்கூடாது. அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் விறாந்தையில் நின்று அமிர்தலிங்கம் பெயர் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை "ஸகியா" என்றால் மெற்றில்டா "ஓம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை "மெற்றில்டா" என்றால் ஸகியா "ஓம்" என்பாள். அமிர்தலிங்கம் போனில் இருந்து தலையைத் தூக்கமாட்டார். தாங்கிப் பக்கம் ஓர் ஆள் இருந்தால் அவருக்குப் போதும்.

சப்ரிக்கு அது பெரிய பகிடி. வெள்ளிக்கிழமைகளில் அவளைக் கண்டால், "சிலுவை போட்ட ஸகியா வாறா, வழி விடுங்க" என்று சத்தம் போடுவான்.

போன ஞாயிறு தாங்கியின் கீழ்க் கதவை ஸகியா இழுத்தபோது அது இறுகி நின்றது. பலமாக இழுத்தாள். கதவு ஒரேயடியாகத் திறந்து, நெல்லோடு கொதிநீரும் வந்து முழங்காலுக்குக் கீழே ஊற்றியது. மெற்றில்டா அப்போது கல்முனையில், கோயிலில், நற்கருணை வாங்கும் வரிசையில் நின்றிருப்பாள். வெளியே வந்து போனைத் திறந்தபோதுதான் தெரியும்.

மறுநாள் ஸகியாவின் முறையையும் தானே செய்யலாம் என்று ஆலைக்கு வந்தாள். அமிர்தலிங்கம் எல்லாப் பெயரையும் கூப்பிட்டார். ஸகியாவின் பெயரைக் கூப்பிடவில்லை. மத்தியானம் முதலாளி வரச்சொன்னார் என்று ஆள் வந்தது.

ஜவாத் முதலாளி நோன்பின் களைப்போடு கதிரையில் சாய்ந்திருந்தார். அமிர்தலிங்கம் பக்கத்தில் நின்றார்.

"இஞ்ச பாரு புள்ள. ஸகியா நம்மட ஊர்ப் புள்ள. நான் கைவிடுவனா? மருந்து, வீட்டுச் சாமான் எல்லாம் பாப்பன். நோன்பு காலம், அல்லாஹ்வுக்காகச் செய்வன். ஆனா கந்தோர் சொல்லிச் செய்யிறது வேற கத. ஒருக்கா ஆலையில விபத்தெண்டு எழுதினா, மறுகா ஒவ்வொரு ஆணிக்கும் வந்து நிப்பாங்க."

"நான் என்ன சொல்லணும் முதலாளி?"

"ஞாயிறு நீதான் வேலையில நிண்டாய். அவ தவிடு வாங்க வந்தா. தாங்கிக்கிட்டப் போயிட்டா. அவ்வளவுதான்."

"நான் கோயில்ல இருந்தன்."

"அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கந்தோருக்கு என்னத்துக்கு?"

அமிர்தலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "முறை மாத்தி ஆள் விட்டது உங்கட பிழை, புள்ள. அதச் சொன்னா முதல்ல போறது உன்ட வேலை. சவிரிமுத்து கிடையில கிடக்கான். யோசிச்சுக் கதை."

கோமாரியில் தென்னையில் இருந்து விழுந்த நாளில் இருந்து அவள் கணவன் சவிரிமுத்து எழுந்து நடக்கவில்லை. அமிர்தலிங்கத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸகியாவின் கால்கள் இரண்டும் முழங்கால்வரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தன. ஈ மொய்க்காமல் இருக்க நுளம்பு வலையை மடித்துப் போட்டிருந்தார்கள். மகள் நுஸ்ஹா விசிறிக்கொண்டிருந்தாள். மெற்றில்டா கொண்டுபோன தெம்பிலி இளநீரை வெட்டி, கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள்.

"நோன்பு போச்சுகா மெற்றி. மருந்து குடிக்கத்தான் வேணுமெண்டு டொக்டர் ஏசுறார்," என்றாள் ஸகியா. "அண்டு நான் ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்கல்ல. கால்ல ஊத்தத்தான் தண்ணி கேட்டன்."

"எரியிதா?"

"பகல்ல பரவாயில்ல." கட்டிலோரம் இருந்த பையைக் கண்ணால் காட்டினாள்: "அமிர்தலிங்கம் வந்துட்டுப் போறார். அப்பிள் பையொண்டு கொண்டாந்தார். அவங்க சொல்லுறபடி சொல்லிரு. நீதான் நிண்டாய் எண்டே சொல்லு. ரெண்டு பேர்ர வேலையும் போய் என்ன காணப் போறம்? அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே."

விசிறி நின்றது. "அப்ப நீங்க அங்க என்னத்துக்கு உம்மா போன? தவிடு களவெடுக்கவா?" நுஸ்ஹாவின் குரல் உடைந்தது. "நம்மட வீட்டுல ஆடுமில்ல, கோழியுமில்ல. கந்தோருக்குப் போய்ச் சொன்னது நான். இப்ப என்னப் பொய்க்காரி ஆக்குங்க."

"நீ சும்மா இரி."

வார்ட்டுக்குள் கட்டில் தள்ளும் ஆண் ஊழியர் வந்தார். ஸகியாவின் முக்காடு தலையணையில் நழுவிக் கிடந்தது. கையில் ஊசிக் குழாய் இருந்ததால் அவளுக்கு இழுக்க முடியவில்லை. மெற்றில்டா எழுந்து அதைத் தலையில் இழுத்துவிட்டு, கன்னத்தோரம் சொருகினாள். ஸகியா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஊழியர் போன பிறகும் விடவில்லை.

பஸ்ஸில் மெற்றில்டா செபமாலையைக் கையில் எடுத்தாள். முதல் மணியிலேயே விரல் நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் விழவேண்டிய கால் தன்னுடையது என்ற நினைப்பைத் தாண்டிச் செபம் போகவில்லை. ஸகியாவே சொல்லிவிட்டாள். முதலாளியும் மருந்து பார்ப்பேன் என்கிறார். ஆனால் கோயிலில் இருக்கவில்லை என்று தன் வாயாலேயே சொல்லவேண்டும். அதையும் சொல்லிவிட்டு, வரும் ஞாயிறு எந்த முகத்தோடு அதே வரிசையில் நிற்பது? வீட்டில் சவிரிமுத்துவைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது, "என்னடியப்பா, ஒருமாதிரி இரிக்காய்?" என்று கேட்டான். "ஒண்டுமில்ல," என்றாள். அவனிடம் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இப்போது கேற் திறந்தது. கந்தோரில் இருந்து வந்தவள் இளம்பெண். தோளில் பை, கையில் ஹெல்மெற். அமிர்தலிங்கம் ஓடிப்போய்ப் பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காராமல் தாங்கியைப் போய்ப் பார்த்தாள். கம்பூட்ஸைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் குடுத்திரிக்கம், மிஸ்," என்றார் முதலாளி.

அவள் மெற்றில்டாவைக் கூப்பிட்டாள். கைப்பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு மெற்றில்டா வந்தாள். காலில் நெல் ஒட்டியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை காலையில தாங்கியில நிண்டது யார்?"

களத்தில் பலகைகள் ஓய்ந்தன. யாரும் தலையைத் தூக்கவில்லை.

"ஸகியா," என்றாள் மெற்றில்டா.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"அண்டைக்கு உங்கட முறை எண்டுதானே சொல்லுறாங்க?"

"ஓம் மிஸ், என்ட முறைதான். நான் பூசைக்குப் போனன். என்ட பேருக்கு ஓம் சொன்னது அவ. வெள்ளிக்கிழமை அவட பேருக்கு நான் ஓம் சொல்லுவன். கனகாலமா அப்பிடித்தான். அவ தவிடு வாங்க வரல்ல. எனக்காக வந்தவ."

அந்தப் பெண் அமிர்தலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"நான் பேர் கூப்பிட்டன், மிஸ். ஓம் எண்டு சத்தம் வந்திச்சு. ஆரெண்டு பாக்கல்ல."

"அப்ப உங்கட கணக்குப்படி இவதான் நிண்டிரிக்கா."

"அப்பிடித்தான்."

மெற்றில்டா அவரையே பார்த்தாள். அவர் சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மிஸ்." ட்ரக்டர் பக்கம் இருந்து சத்தம் வந்தது. சப்ரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். "வெள்ளிக்கிழமையில நான் இந்த அக்காவ 'சிலுவை போட்ட ஸகியா' எண்டு பகிடி பண்ணுறவன். எல்லாரும் சிரிக்கிறவங்க. இவரும் சிரிச்சவர்தான்." அமிர்தலிங்கத்தைக் காட்டினான். "ஞாயிறு ஸகியா ராத்தாவ ட்ரக்டர்ல ஏத்திப் போனதும் நான்தான். அவட உடுப்புல தவிடு இல்ல, மிஸ். அவிச்ச நெல்லுத்தான் ஒட்டியிருந்திச்சு."

முதலாளி எழுந்து உள்ளே போனார்.

கந்தோர்ப் பெண் எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டினாள். மெற்றில்டாவும் சப்ரியும் கையெழுத்துப் போட்டார்கள். "மேல அனுப்பணும். கொஞ்சக் காலம் எடுக்கும்," என்றாள். பிறகு மெற்றில்டாவின் பாதங்களைப் பார்த்துவிட்டு ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டாள்.

"நெல்லு காயிது. போய்க் கிளறு," என்றார் அமிர்தலிங்கம். மெற்றில்டா அன்று பொழுதுபடும்வரை கிளறினாள். திரும்பும் பஸ்ஸில் அவள் செபமாலை முழுவதும் ஓடியது.

மறுநாள் வியாழக்கிழமை, அவளுடைய முறை. விடியற்காலையில் சவிரிமுத்துவுக்குக் கஞ்சி கொடுத்து, துடைத்துவிட்டு வந்தாள். கேற் பூட்டியிருந்தது. காவலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

"உள்ள விட வேணாமெண்டு சொல்லியிரிக்காங்க, அக்கா. என்னக் கோவிக்காதீங்க."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ட்ரக்டரில் சப்ரிக்குப் பதிலாக வேறு ஒருவன் இருந்தான். விறாந்தையில் அமிர்தலிங்கம் வந்து நின்று, போனைப் பார்த்தபடியே பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஒன்று, இன்னொன்று.

பிறகு, "மெற்றில்டா!" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஓம்," என்றது உள்ளே இருந்து ஒரு சின்னக் குரல்.

தாங்கிக்குப் பக்கத்தில், அவளுடைய இடத்தில், ஒரு புதுப் பெண் நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு அதிக காலம் ஆகியிராது. பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். வெறுங்கால். அவள் தலைக்கு மேலே ஆணியில் மஞ்சள் கம்பூட்ஸ் அப்படியே தொங்கியது.

"தங்கச்சி!" மெற்றில்டா கேற்றைத் தட்டினாள். "அந்தக் கம்பூட்ஸப் போடு! கதவு இறுகும், நேருக்கு நிக்காத, கால ஒதுக்கி நிண்டு இழு!"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். கம்பூட்ஸை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, எடுக்கலாமா என்று கேட்பதுபோல் அமிர்தலிங்கத்தைப் பார்த்தாள். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தாங்கியில் இருந்து ஆவி எழும்பத் தொடங்கியது. அதில் விலைத் துண்டு மெல்ல ஆடியது.