ஊறாத மண்

அந்த வியாழக்கிழமையை விட்டிருந்தால் தலையா போயிருக்கும்? இந்தப் புத்தி கிரிஜாவுக்கு மே மாதமே வந்திருக்க வேண்டும்.

எழுபத்தொன்பதில் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் லேசில் கிடைக்கிற சமாசாரமில்லை. அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாதத்தில் ஒரே வியாழன், இரண்டு மணி நேரம். அதற்குள் அட்டைகளில் துளை போட்டுக் கட்டாகக் கொடுத்துவிட வேண்டும். புதிதாகக் கட்டிய மண் அணை ஒன்றைத் தாளில் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கூறுபோட்டு, ஏரி நிரம்பினால் அது தாங்குமா என்று பார்ப்பதுதான் அவள் கணக்கு. விடை ஒன்றுக்கு மேல் வந்தால் நிற்கும், குறைந்தால் சரியும்.

அணையின் மண்ணை நான்கு நாள் ஊறவைத்த பிறகுதான் அதன் பலத்தைச் சோதிக்க வேண்டும். கரிசல் மண் வெயிலில் கல், ஈரத்தில் வெறும் களி. மண் மூட்டை வந்ததோ செவ்வாய்க்கிழமை. ஊறவைத்தால் வியாழன் போச்சு. காய்ந்த மண்ணையே சோதித்து அந்த எண்ணைப் போட்டுவிட்டாள். அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாமாம்! விடை ஒன்றரை வந்தது. மேலதிகாரி நாராயணஸ்வாமி பூரித்துப்போய், "சபாஷ்மா!" என்று அன்றைக்கே அறிக்கையை அனுப்பிவிட்டார். அந்தச் சபாஷ் இனித்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஜூனில் கம்ப்யூட்டர் பழுது. ஜூலையில் ஊறிய மண்ணின் எண்ணைக் கொடுத்தாள். விடை முக்காலுக்கும் கீழே. வெளியே நான்கு நாளாக விடாத மழை.

"சார், அணைக்குக் கீழே இருக்கிற ஊரைக் காலி பண்ணச் சொல்லணும்."

"போன கணக்கைப் போட்டது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்ப இதை மட்டும் எப்படி நம்பறது? ஊர் சிரிக்கும். அடுத்த மாசம் இன்னொரு தரம் போட்டுப் பாரு." நாராயணஸ்வாமி கோப்பை மூடிவிட்டார்.

பாவி மனுஷன்! கிரிஜா நனைந்துகொண்டே தபாலாபீசுக்கு ஓடினாள். டிரங்க் காலில் அணை எஞ்சினியர் சந்திரமோகன் கிடைக்க மூன்று மணி நேரமாயிற்று. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்.

"சார், அணை எப்படி இருக்கு?"

"விரிசல் விட்டிருக்கு மேடம். ஊர்ஜனம் பயந்து, போன வாரமே மூட்டை முடிச்சோட கிளம்பிட்டாங்க. நக்கோ, போகாதீங்கன்னு உங்க ரிப்போர்ட்டைத் தெலுங்குல படிச்சுக் காட்டி, நான்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன். கைக்கு? எதுக்குக் கேக்கறீங்க?"

கிரிஜா கத்தியே விட்டாள்.

"அந்தக் கணக்குத் தப்பு சார்! நான் போட்டது தப்பு! இப்பவே எல்லாரையும் கிளப்புங்க!"

தபாலாபீஸே திரும்பிப் பார்த்தது.

"எப்படி மேடம்?" என்றார் சந்திரமோகன். "ஊருக்கு இருக்கறதே ஒரு ரோடு. அது நேத்தே முழுகிடுச்சு."