இருமும் குழாய்

அன்னாள் அந்தப் பாட்டைக் குழாயடியில்தான் கட்டினாள். மழை பொய்த்த வருஷம், 1983. திண்டுக்கல் தெருக்களில் குடங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. தண்ணீர் வருமுன் குழாய் காற்றைக் கக்கும். கிழவர் இருமுவது போலிருக்கும். "இருமுது குழாயி, எந்திரிங்க தாயி" என்று அவள் குழாய் போலவே இருமிக்கொண்டு பாட, வரிசையே சிரித்தது. அவளோடு கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கும் இஷாக், தோல் கிடங்கு வேலை முடிந்து வந்து அதற்கு ராக் மெட்டுப் போட்டான்.

அவர்களுடைய முதல் கேசட்டைப் போட்டவர் மாயாண்டி. பஸ் ஸ்டாண்டு எதிரே கேசட் கடை வைத்திருந்தார். குழாய்ப் பாட்டைப் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொம்பளப் புள்ள இருமிக்கிட்டுப் பாடுனா எவன் வாங்குவான்? சோகப் பாட்டு ஒண்ணு பாடு அன்னாளு."

பாடினாள். அந்தக் கேசட் விற்காமல் கடையிலேயே தூசி படிந்து கிடந்தது. கச்சேரிகளிலோ குழாய்ப் பாட்டைக் கேட்காமல் கூட்டம் கலையவில்லை.

மறு வருஷம் இரண்டாவது கேசட்டுக்குக் கூப்பிட்டார்.

"குழாய்ப் பாட்டு உண்டுன்னா வாரேன்" என்றாள்.

"வேற ஆளக் கூட்டியாந்துருவேன்."

"கூட்டியாங்க."

மதுரையிலிருந்து ஒருத்தியை வரவழைத்தும் விட்டார். இஷாக் கிட்டாரை உறைக்குள் போட்டான். "அக்கா பாடலேன்னா நான் வாசிக்கலண்ணே." வந்தவள் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினாள். ஒலிப்பதிவு அறை காலியாகக் கிடக்க, மாயாண்டி அன்னாளுக்கு ஆள் அனுப்பினார்.

"சரி, பாடு. அந்த இருமல் மட்டும் வேணாம்."

அவள் மைக் முன் நின்றாள். இஷாக் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி டக் டக்கென்று தட்ட, பாட்டு நெடுக இருமினாள். ஒலிப்பதிவுக்காரர் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

மாயாண்டி அதைக் கடைசிப் பாட்டாகப் போட்டார், அட்டையில் பெயர் இல்லாமல். டீக்கடைகள் கேசட்டைத் திருப்பித் திருப்பி அதையே ஓட்டின. "இருமல் கேசட்டு" என்று கேட்டு வாங்கினார்கள். இரண்டாம் தடவை அச்சடித்த அட்டையில் அதுதான் முதல் வரி.

பிறகு கடைக்கு வந்த அன்னாளுக்கு நாற்காலி போட்டார். "அடுத்ததுலயும் இதே மாதிரி இருமணும் அன்னாளு."

"இல்லண்ணே. அடுத்தது டவுன் பஸ் பாட்டு. விசிலடிச்சுப் பாடப் போறேன்."

"விசிலெல்லாம் நல்லா இருக்காது."

அன்னாள் இரண்டு விரலை உதட்டில் வைத்து அங்கேயே ஊதினாள். எதிரே நின்ற டவுன் பஸ், கண்டக்டரை விட்டுவிட்டுப் புறப்பட்டது.